ராசியான பாரா

ஆவரங்குளம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸும் லேமினேஷனும் பயோடேட்டாவும் ஒரே தகரக் கூரையின் கீழ் நடக்கிற குற்றாலிங்கம் கம்ப்யூட்டர்ஸில், ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, பிரிண்டரிலிருந்து சூடாக வந்து விழுந்த ஒரு பயோடேட்டாவின் முதல் நாலு வரி எழுந்து நடந்தது. பேரும் ஊரும் தகப்பன் பேரும் வாங்கிய மார்க்கும், பொழுதுபோக்கு என்று போட்டிருந்த கேரம் விளையாட்டும் இருந்த இடத்தில் அப்படியே இருக்க, மேலே கிடந்த அந்த நாலு வரி மட்டும் வரிசை கலையாமல் தாளின் ஓரத்துக்கு வந்து, மேசைக் கால் வழியாகத் தரைக்கு இறங்கி, தண்ணீர்க் குடத்தைச் சுற்றிக்கொண்டு போய், டைப் அடித்துக்கொண்டிருந்த ஜெயக்கனியின் சேலைக் கரையில் ஏறி உட்கார்ந்தது. ஜெயக்கனி குனிந்து பார்த்தாள். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து டைப் அடித்தாள்.

"என்ன யக்கா, மேல ஒண்ணும் விழலியே?" என்றான் பயோடேட்டாவுக்கு உடையவன்.

"விழுந்துச்சு. எந்திரிச்சுப் போயிட்டு."

"அப்ப இன்னொரு காப்பி போடுங்க."

ஆவரங்குளத்துக்காரர்கள் ஆச்சரியப்படுவது அவ்வளவுதான். வானம் இடிந்து விழுந்தால்கூட இன்னொரு காப்பி கேட்பார்கள்.

அந்த நாலு வரியின் பூர்வீகத்தைச் சொல்லாவிட்டால் கதை நொண்டும். ஜெயக்கனிக்கு இருபத்து நாலு வயது நடந்தபோது, அவள் வேலை பார்த்த தீப்பெட்டிக் கம்பெனியை இழுத்து மூடினார்கள். அவள் இதே கடையில் வந்து உட்கார்ந்து, திருநெல்வேலியில் ஒரு பெரிய கம்பெனிக்கு மனுப் போடுவதற்காகத் தன்னைப் பற்றி நாலு வரி எழுதினாள். ஒரு பகல் முழுக்க எழுதினாள். மற்றவர்களெல்லாம் கடின உழைப்பாளி, நேர்மையானவன், வாய்ப்புக் கொடுத்தால் திறமையைக் காட்டுவேன் என்று, யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற, அதனால் ஒருவருக்கும் பொருந்தாத வரிகளை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அவள் இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"எடுத்த வேலையை முடிக்காமல் எழுந்ததில்லை. மூன்று ஆள் பார்க்கிற ஆபீஸ் வேலையை இரண்டு வருடம் தனியாகப் பார்த்திருக்கிறேன். ஒரு கடிதமும் பதில் போகாமல் கிடந்ததில்லை. தப்பு நடந்தால் யார் மேல் போடலாம் என்று தேடாமல், எங்கே நடந்தது என்று தேடுவேன். இடது காது கொஞ்சம் மந்தம். அதனால் சொன்னதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்வேன், எழுதியதை மறந்ததில்லை."

கம்பெனிக்காரர்கள் படித்தார்கள். காது மந்தமான பெண் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். மறுவாரம் அதே கம்பெனிக்குக் கடைக்காரர் குற்றாலிங்கத்தின் அக்கா மகன் திருமலைக்கொழுந்து மனுப் போட்டான். அடுத்த தெருவில் அல்வாப் பொட்டலம் பிரிக்கிற சத்தம் கேட்கிற காது அவனுக்கு. மாமா கடைக் கம்ப்யூட்டரில் கிடந்த நாலு வரியைத் தூக்கித் தன் பேருக்கு மேலே வைத்துக்கொண்டான்; படித்துக்கூடப் பார்க்கவில்லை. தன் குறையைத் தானே சொல்கிற இப்படி ஒரு பையனைக் கண்டதே இல்லை என்று கம்பெனிக்காரர்கள் அவனை வாரி எடுத்துக்கொண்டார்கள். பெண்ணுக்கு ஊனமாகப் பட்டது ஆணுக்கு நேர்மையாகப் பட்டது. அன்றைக்கும் உலகம் அப்படித்தான் இருந்தது, இன்றைக்கும் பெரிதாக ஒன்றும் திருந்திவிடவில்லை.

அதிலிருந்து அந்தப் பாராவுக்கு ராசி என்று பேராகிவிட்டது. திருமலைக்கொழுந்துக்கு அடித்த யோகம் நமக்கும் அடிக்கட்டும் என்று டிப்ளமோ படித்தவன், டிகிரி படித்தவன், படித்ததாகச் சொல்லிக்கொண்டவன், எல்லாரும் குற்றாலிங்கம் கடைக்கு வந்து அதே நாலு வரியைத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு போனார்கள். வேலை கெட்டிக்காரி என்று குற்றாலிங்கம் ஜெயக்கனியையே டைப் அடிக்க வைத்துக்கொண்டார். கூட்டம் கூடக் கூட அவளும் பதினைந்து வருடம் தன் வரிகளை ஊரான் பேருக்கு மேலே ஒட்டிக்கொண்டே இருந்தாள். முதல் வருடம் சொல்லிப் பார்த்தாள். "இது எனக்குன்னு நான் எழுதுனது அண்ணாச்சி." குற்றாலிங்கம் லேமினேஷன் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொன்னார்: "யாரு எழுதினா என்ன பிள்ள? ராசி யாருக்கு அடிச்சுது, அதுல்லா பேச்சு." வந்தவர்களிடம் சொன்னாள். "தம்பி, உனக்குக் காது நல்லாத்தான கேக்கு? அந்த வரியையாவது எடுத்துருதேன்." யாரும் விடவில்லை. ஒரே பதில்தான் வந்தது. "ராசியான பாரா யக்கா. மாத்தக்கூடாது."

இப்படியாக ஆவரங்குளத்தில் படித்த அத்தனை பேருக்கும் இடது காது மந்தம் என்று எழுத்தில் ஏறிவிட்டது. நேர்முகத் தேர்வுக்குப் போகிறவன் அதிகாரி கேட்கிற கேள்விக்குத் தலையை இடப்பக்கம் சாய்த்து, வலது காதைக் கொடுத்து, "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சார்" என்று சொல்லப் பழகினான். பழகியது ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளைகள் மணவறையில் தலை சாய்ந்தே உட்கார்ந்தார்கள். வெளியூர்க் கம்பெனிகள் ஆவரங்குளத்துத் தண்ணீரில் ஏதோ கோளாறு என்று நினைத்துக் காது மருத்துவ முகாம் நடத்தின. முகாமுக்குப் போனால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று ஒருவனும் போகவில்லை. ஜெயக்கனி மட்டும் போனாள். உண்மையிலேயே மந்தம் உள்ளவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான். ஆனால் அவளைப் பார்த்து மட்டும் எல்லாரும் "இவ ரொம்பத்தான் நடிக்கா" என்றார்கள்.

எழுத்து ஏன் அந்தச் செவ்வாய்க்கிழமை எழுந்து நடந்தது என்று கேட்டால் பதில் கிடையாது. அன்று காலையில்தான் பேப்பரில், ஊருக்கு வெளியே மாணவர்களைவிடக் கட்டடங்கள் அதிகமாக உள்ள பொறியியல் கல்லூரிக்கு அலுவலக மேலாளர் தேவை, வயது நாற்பதுக்குள், என்று விளம்பரம் வந்திருந்தது. ஜெயக்கனிக்கு ஐப்பசி பிறந்தால் நாற்பது. மூன்று ஆள் வேலையைத் தனியாகப் பார்த்தவள் ஒரு நாள்கூடத் தன் பேர் போட்ட மேசையில் உட்கார்ந்ததில்லை. அந்த ஆசை பதினைந்து வருடமாக அடிவயிற்றில் அணையாமல் கிடந்தது. இதை விட்டால் வேறு வாய்ப்பு வராது என்று அவளுக்குத் தெரியும். எனவே தனக்கென்று ஒரு மனுப் போடுவது என்று அன்று காலை பல் தேய்க்கும்போது தீர்மானித்திருந்தாள். அதுதான் காரணமா என்றால், யார் கண்டது.

புதன்கிழமைக்குள் ஊரிலிருந்த பாராக்களெல்லாம் வந்து சேர்ந்தன. வியாழக்கிழமை மதுரை பஸ்ஸில் வந்தன. கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. சென்னையிலிருந்து வந்தவை களைத்துப்போய் அவள் வீட்டு வாசற்படியில் சற்று இளைப்பாறிவிட்டு உள்ளே போயின. துபாயிலிருந்து வந்தவைதான் நாலு நாள் தாமதம். அவள் தனியாகக் குடியிருந்த ஒற்றை அறை வீட்டின் வெள்ளைச் சுவரிலும் கதவிலும் அடுப்பங்கரையிலும் அரிசி டப்பாவிலும் அதே நாலு வரி ஆயிரக்கணக்கில் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக ஒழுங்காக உட்கார்ந்துகொண்டது. சோற்றில் மட்டும் ஏறவில்லை. வளர்ப்பு அப்படி.

ஊர் என்ன செய்தது என்பதுதான் கேட்க வேண்டிய சங்கதி. முதலில் மையில் கோளாறு என்றார்கள். குற்றாலிங்கம் டோனரை மாற்றினார். லேமினேஷன் போட்டால் நிற்கும் என்றார்கள். பிளாஸ்டிக்கின் ஓரத்தைப் பிளந்துகொண்டு போயிற்று. பேனாவால் எழுதினார்கள், மை காய்வதற்குக் காத்திருந்து, காய்ந்ததும் போயிற்று. கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் காற்றின் ஈரப்பதம் என்று ஒரு மணி நேரம் பேசி, சால்வை வாங்கிக்கொண்டு போனார். கோவிலில் வைத்துக் கொடுத்த எலுமிச்சம்பழத்தைத் தாளின் மேல் உருட்டிப் பார்த்தார்கள். தாளில் சாறு ஒழுகியதுதான் மிச்சம். கடைசியில் வியாபாரிகள் சங்கக் கட்டடத்தில் கூடி, காபி குடித்து, வடை தின்று, மேற்படி பாரா குளத்தைப் போல, மயானத்தைப் போல ஊர்ப் பொதுச் சொத்து என்றும், ஜெயக்கனி என்பவர் அதைச் சேதமில்லாமல் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்றும் தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தை டைப் அடித்துக் கொடுத்ததும் ஜெயக்கனிதான். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தாள்.

தீர்மானத்தோடு வீட்டு வாசலுக்கு வந்தவர்களிடம் அவள் சொன்னாள், "கொண்டு போறதுன்னா கொண்டு போங்க. சுவத்துலதான் இருக்கு." சுரண்டிப் பார்த்தார்கள். சுண்ணாம்பு வந்தது, எழுத்து வரவில்லை. பிறகு அவளே இரக்கப்பட்டாள். அவளிடம் அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. "ஒவ்வொருத்தரா வாங்க. நீங்க என்ன செஞ்சிருக்கீங்கன்னு சொல்லுங்க, உங்களுக்குன்னு நாலு வரி நான் எழுதித் தாரேன். அது உங்கள விட்டுட்டு எங்கயும் போவாது."

முதலில் வந்தவனை உட்கார வைத்துக் கேட்டாள். "நீ என்ன செஞ்சே தம்பி, சொல்லு."

"நாலு வருசம் காலேஜ் போனேன் யக்கா."

"போயி?"

அவன் யோசித்தான். வெகுநேரம் யோசித்தான். "சாயங்காலம் வந்துருவேன்" என்றான்.

அடுத்து வந்தவன், "எங்கப்பாதான் மனுப் போடச் சொன்னாரு, அவர்ட்ட கேட்டுட்டு வாரேன்" என்று போனவன் திரும்பவில்லை. மூன்றாவது ஆள், பதினோரு வருடம் வேலையில் இருப்பவர், உட்கார்ந்து வாயைத் திறந்தார், மூடினார், "எதுக்குத்தாயி இந்தக் குடைச்சல்" என்று வேட்டியை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். ஒரு வாரத்தில் வரிசை கரைந்துபோனது. தன்னைப் பற்றி உண்மையாக நாலு வரி சொல்வதைவிட ஒன்றும் சொல்லாமல் இருப்பது மேல் என்று ஊர் ஏகமனதாக முடிவு கட்டியது.

அதிலிருந்து பிறந்ததுதான் வெற்றிட வழக்கம். பயோடேட்டாவின் மேலே நாலு விரற்கடை வெறுமையாக விடவேண்டும். அதன் வலது மூலையில் ஒரு பொட்டு மஞ்சள் வைக்கவேண்டும். பார்க்க அடக்கமாக இருக்கிறது என்றார்கள். ஆடம்பரம் இல்லை என்றார்கள். கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்களுக்கு ஸ்கேல் வைத்து வெற்றிடம் விடச் சனிக்கிழமைதோறும் தனி வகுப்பு நடந்தது. அதில் இரண்டு பேர் பெயிலானார்கள். ஆவணி பிறப்பதற்குள், பாரா என்று ஒன்று இருந்ததையே ஊர் மறந்துவிட்டது. சாய்ந்த தலைகள் மட்டும் சாய்ந்தபடி இருந்தன.

புரட்டாசியில் ஜெயக்கனி நேர்முகத் தேர்வுக்குப் போனாள். முந்தின நாளே தன் பயோடேட்டாவை அடித்து முடித்திருந்தாள். சுவரிலிருந்து நாலு வரி தானாக இறங்கி வந்து தாளின் தலையில் உட்கார்ந்து, ஆடாமல் அசையாமல் நின்றது. அவளுக்குக் கண் கலங்கியது. பதினைந்து வருடத்தில் அந்த வரிகள் தன் பேருக்கு மேலே இருப்பதை அன்றுதான் பார்க்கிறாள்.

தேர்வு அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில், அந்தக் கம்பெனி இந்தக் கம்பெனி என்று ஏறி ஏறி இப்போது கல்லூரிக்கே நிர்வாக அதிகாரியாகிவிட்ட திருமலைக்கொழுந்து, தலையை இடப்பக்கம் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தார். வலப்பக்கம், ஈரப்பதப் பேராசிரியர். இடப்பக்கம், தாளாளரின் மைத்துனர்; அவர் எதற்கு இருந்தார் என்று அவருக்கும் தெரியாது. மேசையில் ஏழு மனு இருந்தது. ஆறில் மேலே வெறுமையும் மஞ்சளும். ஒன்றில் மட்டும் எழுத்து.

"ஏம்மா, மேல என்னமோ எழுதியிருக்கே?" என்றார் பேராசிரியர்.

"என்னைப் பத்தி எழுதியிருக்கேன் சார்."

"எல்லாரும் எவ்வளவு சுத்தமா விட்டிருக்காங்க பாத்தீங்களா? மஞ்சளும் வைக்கல."

"எனக்குச் சொல்ல இருந்துச்சு சார். சொன்னேன்."

திருமலைக்கொழுந்து தாளை எடுத்துப் படித்தார். அவர் அதைப் படித்தது அதுதான் முதல் தடவை. படித்து முடித்ததும் முகம் சற்று வெளுத்தது, பிறகு சமாளித்துக்கொண்டு மைத்துனரிடம் திரும்பி, "இது நம்ம ஊர் பாரால்லா? அந்தக் காலத்துல எல்லாரும் போடுவாங்க. அந்தம்மா காப்பி அடிச்சிருக்காங்க" என்றார். மைத்துனர் ஜெயக்கனியின் இடப்பக்கமிருந்து ஏதோ கேட்டார். அவள் தலையைத் திருப்பி, "அந்தக் காது கேக்காது சார், இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க" என்றாள். மூன்று பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். "இந்தக் காது வித்தையெல்லாம் நாங்க பண்ணி முடிச்சதும்மா" என்றார் திருமலைக்கொழுந்து.

அப்போது மூலையிலிருந்த இரும்பு பீரோவுக்குள் ஏதோ பிறாண்டுகிற சத்தம் கேட்டது. எல்லாருடைய பாராவும் வந்து சேர்ந்த பிறகும், பூட்டிக் கிடந்த திருமலைக்கொழுந்தின் பைலிலிருந்த பாரா மட்டும் வர முடியாமல் உள்ளே தவித்துக்கொண்டிருந்தது. அது சாவித் துவாரம் வழியாக, பழுப்பேறிப்போய், ஒவ்வொரு எழுத்தாகப் பிதுங்கி வெளியே வந்து, தரையைக் கடந்து, திருமலைக்கொழுந்தின் ஷூவை மிதித்துத் தாண்டி, ஜெயக்கனியின் மடியில் ஏறிக்கொண்டது. பேராசிரியர் மின்விசிறியைப் பார்த்தார். மைத்துனர் நகத்தைப் பார்த்தார். திருமலைக்கொழுந்து ஜெயக்கனியைப் பார்த்தார். அவள் யார், அந்த வரி யாருடையது, பதினைந்து வருடத்துக்கு முன்னால் மாமா கடையில் பகல் முழுக்க உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த பெண் யார் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டே, "நீங்க போகலாம்மா, தகவல் வரும்" என்றார்.

தகவல் வந்தது. தாளாளர் கொழுந்தியாள் மகனுக்கு வேலை. அவன் மனுவில் வெற்றிடம் பேருக்கும் படிப்புக்கும் கீழேயும் தொடர்ந்து, தாளின் அடிவரை போயிற்றாம். இவ்வளவு சுத்தமான மனுவைக் கண்டதில்லை என்று மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்களாம். ஐப்பசி பிறந்தது. ஜெயக்கனிக்கு நாற்பது முடிந்தது. அன்று அவள் கடைக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, வயிறெரிந்து, வாய்விட்டு அழுதாள். எழுத்துகளெல்லாம் சுவரில் அசையாமல் இருந்தன. ஒன்றிரண்டு மட்டும் இறங்கி வந்து அவள் கை மேல் உட்கார்ந்தன. மறுநாள் முகம் கழுவிக்கொண்டு கடைக்குப் போனாள்.

தை மாதம் ஒரு திங்கட்கிழமை, கையில் ஒரு சீப்பு ரஸ்தாளியோடு திருமலைக்கொழுந்து கடைக்கு வந்தார். கோயம்புத்தூரில் ஒரு பெரிய கல்லூரிக் குழுமத்தில் தலைமை அதிகாரி வேலையாம். வெளியூர்க்காரர்களுக்கு நம் ஊர் அடக்கம் புரியாதே. மேலே வெறுமையாக விட்டனுப்பியதைத் திருப்பி அனுப்பி, உங்களைப் பற்றி நாலு வரி எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

"எனக்குன்னு நாலு வரி எழுதிக் குடும்மா" என்றார். "வேற யாருக்கும் பொருந்தாத மாதிரி, எனக்கே எனக்குன்னு இருக்கணும். ஓடிப் போயிரக் கூடாது பாத்துக்க."

"ஓடாது சார். அதுக்கு நான் ஜவாப்தாரி" என்றாள் ஜெயக்கனி. அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, பகல் முழுக்க வேண்டியிராமல், ஐந்து நிமிடத்தில் அடித்து முடித்து, பிரிண்ட் எடுத்துக் கவரில் போட்டுக் கையில் கொடுத்தாள். அவர் வழக்கம்போலப் படிக்காமல் வாங்கிக்கொண்டு போனார். வீட்டில் போய்க் கையெழுத்துப் போடப் பிரித்தபோது, தாளின் தலையில் இப்படி இருந்தது:

"பதினைந்து வருடத்துக்கு முன்னால் இன்னொருத்தியின் நாலு வரியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். கேட்காதது போலத் தலையைச் சாய்த்தே பிழைத்துவிட்டேன். எழுதியவள் எதிரே வந்து உட்கார்ந்தபோது, தெரிந்தும் தெரியாதது போல அனுப்பிவிட்டேன். வேறு குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை."

தாளைக் கிழித்தார். புதுத் தாள் எடுத்தார். அதன் தலையில் அதே நாலு வரி இருந்தது. கல்லூரி லெட்டர் பேடைத் திறந்தார், இருந்தது. கல்லூரிக்கு ஓடி, பீரோவிலிருந்த தன் பைலை எடுத்தார். வெறுமையாகிக் கிடந்த இடத்தில் அது வந்து, காலை நீட்டிச் சாவகாசமாகப் படுத்திருந்தது. மகள் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி வந்திருந்தது. பிள்ளையார் சுழிக்குக் கீழே அதுதான். ஓடவும் இல்லை, நடக்கவும் இல்லை. வர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்ட எழுத்து எங்கே போகும்?

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, கடையில் கூட்டம் நெரிகிற நேரத்தில், அவர் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்து, ஜெயக்கனியின் நாற்காலிக்கு இடப்பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்டுவிடாதபடி கிசுகிசுத்தார். அவள் டைப் அடிப்பதை நிறுத்தவில்லை. மறுபடி கிசுகிசுத்தார். அவள் திரும்பினாள்.

"அந்தக் காது கேக்காது சார். இந்தப் பக்கம் வந்து சத்தமாச் சொல்லுங்க."

அவர் நாற்காலியைச் சுற்றி வந்தார். லேமினேஷன் மிஷினிலிருந்து குற்றாலிங்கம் தலையைத் தூக்கினார். வரிசையில் நின்றவர்களெல்லாம் சாய்த்த தலையோடு திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்தப் பாராவை மாத்திக் குடும்மா" என்றார் திருமலைக்கொழுந்து, சத்தமாக.

ஜெயக்கனி அவர் கையிலிருந்த தாளை வாங்கி, ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பார்த்தாள். பிழை ஒன்றும் இல்லை. திருப்பிக் கொடுத்தாள்.

"ராசியான பாரா சார். மாத்தக்கூடாது."